மீரா முகைதீனின் இருபத்தெட்டு டிகிரி

எதையும் வாயில் வைப்பதற்கு முன்னர் மீரா முகைதீன் வலது கை மோதிர விரலை அதில் நனைப்பார். நுனி நாக்கில் ஒற்றுவார். கண்ணை மூடி, மூன்று எண்ணுகிற நேரம் சும்மா இருப்பார். பிறகு ஓர் இலக்கம் சொல்வார்.

"ஒண்டேகால்" என்றால் ஆணத்தில், அதாவது குழம்பில், உப்பு சரி. "ஒண்டு" என்றால் இன்னும் ஒரு சிட்டிகை போடலாம். "ரெண்டு" என்றால் மனைவி ஸுலைஹா சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் தேங்காய்ப்பால் ஊற்றிக் கொண்டு வருவாள். உப்புக் கூட, உப்புக் குறைய என்ற சொல்லெல்லாம் அவரிடம் கிடையாது. கடல் தண்ணீர் மூன்றரை டிகிரி. மற்றதெல்லாம் அதற்கு மேலே அல்லது கீழே, அவ்வளவுதான்.

கலியாணம் முடித்து வந்த முதல் வாரம், பதினேழு வயது ஸுலைஹா தன் கையால் வட்டிலாப்பம் செய்து வைத்தாள். அவர் விரலை நனைத்து, கண்ணை மூடி, "சைபர்" என்றார். அவள் குசினிக்குள் போய் அழுதாள். இனிப்புக்கு உப்பு இல்லை என்பதைத்தான் சொன்னார், அதுவும் பாராட்டாகச் சொன்னார் என்பது அவளுக்கு விளங்க ஆறு மாதம் எடுத்தது. ஊரில் ஒரு கலியாண வீட்டில் புரியாணிச் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, பெண்ணின் வாப்பா குனிந்து, "எப்படி மீரா நானா?" என்று கேட்டார். "மூண்டு. இன்னும் கொஞ்சம் போட்டிருந்தா கடல்" என்று இவர் சொன்னார். அந்த வீட்டார் இன்றைக்கும் பெருநாளைக்குப் பெருநாள்தான் கதைப்பார்கள்.

குறை சொல்லவும் முடியாது. அந்த நாக்குத்தான் அவருடைய தொழில். நுரைச்சோலையிலிருந்து கற்பிட்டிக்குப் போகிற பாதையில், கடலோடு சேர்ந்த களப்பின் ஓரமாக, ஜப்பார் ஹாஜியாருக்குப் பதினான்கு பாத்தி உப்பளம் இருக்கிறது. களப்புத் தண்ணீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு இறங்கி, வெயிலில் காய்ந்து காய்ந்து தடிக்கும். இருபத்தைந்து டிகிரியில் உப்பு இறங்கத் தொடங்கும். இருபத்தொன்பதைத் தாண்ட விட்டால் உப்போடு கசப்பும் சேர்ந்து இறங்கிவிடும், அந்த உப்பை ஒருவரும் வாங்கமாட்டார்கள். எந்தப் பாத்தியில் எந்த நாள் உப்பு வார ஆளை இறக்குவது என்று சொல்வது மீரா முகைதீனின் வேலை. முப்பத்திரண்டு வருடமாக விரலை நனைத்து நாக்கில் ஒற்றித்தான் சொல்லி வந்தார்.

ஹாஜியார் ஒரு மீட்டரும் வாங்கி வைத்திருந்தார். தண்ணீரில் போட்டால் நிமிர்ந்து மிதக்கிற கண்ணாடிக் குழாய், உடம்பில் இலக்கங்கள். தண்ணீர் எவ்வளவு தடிப்போ அவ்வளவு உயர மிதக்கும். மீரா முகைதீன் அதை வீட்டுக்கு வந்த வேண்டாத மருமகனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

"அது கண்ணாடி ஹாஜியார். அதுக்கு நாக்கு இல்ல."

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் அவர் முன்னறைக் கலண்டருக்கு முன்னால் நின்று அன்றைய இலக்கங்களைச் சொல்வார், ஸுலைஹா பென்சிலால் எழுதுவாள். மேலே டிகிரி. அதற்குக் கீழே பாத்தியில் மிச்சமிருக்கிற தண்ணீர், அங்குலத்தில். உப்பு இறங்கக் கிட்டின பாத்தியின் இலக்கம்தான் அந்த நாளுக்குரிய கட்டத்தில் ஏறும். அவருடைய விரல்கள் உப்பில் வெடித்திருக்கும், பென்சில் பிடித்தால் எரியும். ஸுலைஹா ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் அவளுடைய இலக்கங்கள் அச்சுக் குத்தினதுபோல் இருக்கும். பழைய கலண்டர்கள் இருபத்தாறும் அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கின்றன.

ஸுலைஹா வாய் பேசுகிறவள் இல்லை. ஹாஜியார் வந்தால் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்வாள், அதுவும் அவர் இரண்டாம் தரம் கேட்ட பிறகு. ஒரு சொல் அவளுடைய தொண்டையிலிருந்து வாய்க்கு வர, மற்றவர்களுக்கு ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கிற நேரம் எடுக்கும். ஆனால் கண் சும்மா இருப்பதில்லை. ஹாஜியார் வந்து மீட்டர் காட்டின இலக்கத்தைச் சொல்லும்போதெல்லாம் அதைக் கலண்டரோடு ஒப்பிட்டுப் பார்த்து அவளுக்கு ஒரு விசயம் பிடிபட்டிருந்தது. தன் புருசனின் நாக்கு ஹாஜியாரின் மீட்டரைவிட எப்போதும் ஒரு டிகிரி குறைவாகவே சொல்லும். இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. கேட்டவரும் இல்லை.

2021 ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மீரா முகைதீன் மூன்றாம் பாத்தியில் விரலை நனைத்தார். நாக்கில் ஒற்றினார். கண்ணை மூடினார். மூன்று எண்ணினார், ஐந்து எண்ணினார், பத்து எண்ணினார்.

"சைபர்" என்றார்.

ஹாஜியார் பக்கத்தில் நின்றார். "என்ன சைபர்?"

"ஆரோ நல்ல தண்ணி விட்டிரிக்கானுகள்."

ஹாஜியார் மீட்டரைப் போட்டார். அது தலையை நீட்டிக்கொண்டு இருபத்திரண்டில் நின்றது.

"மீட்டர் மவுத்தாப் போச்சு ஹாஜியார். அடக்கிடுங்க."

"மவுத்தானா தாழணும் மீரா. இது மிதக்குது."

நாலாம் பாத்தியும் சைபர். ஐந்தாம் பாத்தியும் சைபர். கடைசியில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு களப்புக்குள்ளேயே இறங்கி, விரலை நனைத்து நாக்கில் வைத்தார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கூட இருந்து ஏமாற்றினவனைப் பார்ப்பதுபோல் களப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடலையே கெடுத்துப்போட்டானுகள்" என்றார். இறால் பண்ணைக்காரரைச் சொன்னார். அனல் மின் நிலையப் புகைக்குழாயைக் காட்டினார். போன மாதம் சந்தியில் முறைத்துப் பார்த்த ஒருவனையும் சேர்த்துக்கொண்டார். ஹாஜியார் மெல்ல இரண்டு எட்டுப் பின்னால் வைத்தார். கடலில் உப்பு இல்லை என்று சொல்கிற ஆளோடு தனியாக நிற்பது அவருக்கு உசிதமாகப் படவில்லை.

பகல் சாப்பாட்டுக்கு மீன் ஆணம். விரலை நனைத்தார்.

"சைபர். உப்புப் போடல்லையா புள்ள?"

ஸுலைஹா போட்டாள்.

"சைபர்."

இன்னும் போட்டாள். மூன்றாம் தரம் போட்டபோது, பக்கத்தில் காத்திருந்த பூனை தனக்கு விழுந்த மீன் தலையை மணந்து பார்த்துவிட்டு எழும்பிப் போனது. ஸுலைஹா தானே ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். நாக்கு சுருண்டது. அப்போதுதான் அவளுக்குக் காலையில் நடந்தது ஞாபகம் வந்தது. கருவாடு அடுப்பில் தீய்ந்து வீடே புகைந்தது. இவர் அந்தப் புகைக்கு நடுவில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது: மணம் தெரியாவிட்டால், ருசி தெரியாவிட்டால் உடனே அறிவியுங்கள்.

அவளுக்குச் சொல் வர வழமையான நேரம் எடுத்தது. அவர் கை கழுவி முடித்திருந்தார்.

"உப்புக் குறையல்ல" என்றாள். "உங்கட நாக்குத்தான்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "என்ட நாக்கா? கடல் கெட்டாலும் இது கெடாது."

அவருக்குக் கொரோனா என்ற சொல்லே ஆகாது. சொன்னால் பதினான்கு நாள் வீட்டுக்குள் பூட்டிவிடுவார்கள். மூன்றாம் பாத்தி இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளில் இறங்கும், அதுவும் அந்த வருடத்து முதல் பெரிய இறக்கம். ஆனால் சொல்லவேண்டிய தேவை வரவில்லை. ஹாஜியார் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகச் சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. மாத்தயாவுக்குக் கோல் எடுத்திருந்தார். புதன்கிழமை மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் பொசிட்டிவ். ஸுலைஹாவுக்குச் சளித் தடிமனோடு முடிந்தது. அவருக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தன. கேற்றில் ஒரு கடதாசி ஒட்டினார்கள். உப்பளக் கேற்றையும் பூட்டினார்கள்.

ஆஸ்பத்திரிகள் நிறைந்திருந்த நேரம், அதனால் வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொல்லி, டொக்டர் நுஸ்ரா என்கிற இளம் பெண்ணைத் தொலைபேசியில் பொறுப்பாக விட்டார்கள். அவள் காலையில் ஒருதரம், பின்னேரம் ஒருதரம் பேசுவாள். விரலில் மாட்டி ஒட்சிசனை அளக்கிற கிளிப் ஒன்றைப் பள்ளிவாசல் நிர்வாகம் இரவலாகக் கொடுத்தது. மோதிர விரலைத் தவிர மற்ற விரலில்தான் மாட்டுவேன் என்று அவர் நின்றார். அந்த விரல் தொழிலுக்கு உரியதாம்.

"அங்கிளுக்குச் சீனி வருத்தமும் இரிக்கி" என்று டொக்டர் ஸுலைஹாவிடம் சொன்னாள். "வயசும் ஐம்பத்தெட்டு. நான் இரத்தம் சோதிக்கச் சொல்றன் மாமி. மூச்சு முட்டுறதுக்கு முன்னுக்கே சில நேரம் இரத்தத்துல தெரிஞ்சிடும்."

அடுத்த திங்கட்கிழமை, தனியார் லேப்பிலிருந்து இரத்தம் எடுக்க கெவின் மோட்டார் சைக்கிளில் வந்தான். தலவில் பக்கத்துக்காரன். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு. வேலி ஓரம் நின்ற இரண்டு கழுதைகள் அவனைக் கண்டதும் ஊரைக் கூட்டிக் கத்திக்கொண்டு ஓடின. மீரா முகைதீன் கையை நீட்டிக்கொண்டு குழாயில் ஏறுகிற இரத்தத்தைக் கவனமாகப் பார்த்தார்.

"எப்பிடித் தம்பி அளக்கிற?"

"மெசின்ல அங்கிள்."

"கண்ணாடியா?"

"கண்ணாடியும் இரிக்கி, கொம்பியூட்டரும் இரிக்கி."

"நாக்கு இல்ல."

கெவின் ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினான். "லேப்ல நக்கிப் பார்த்தா வேலை போயிடும் அங்கிள்."

அன்று பின்னேரம் டொக்டர் தொலைபேசியில் இரண்டு இலக்கம் சொன்னாள். எழுதி வையுங்க மாமி, அடுத்த தரம் ஒப்பிட்டுப் பார்க்கணும் என்றாள். ஸுலைஹாவின் ஒரு கையில் தொலைபேசி. மற்றக் கை எப்போதும் போகிற இடத்துக்குப் போனது. கலண்டரில் திங்கட்கிழமைக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. மேலே ஏழு என்று எழுதினாள். கீழே ஒன்று புள்ளி ஆறு.

கெவின் புதன்கிழமை மறுபடி வந்தான். மேலே பதினைந்து. கீழே ஒன்று புள்ளி ஒன்று.

டொக்டரின் குரல் கொஞ்சம் மாறியது. வியாழன் காலையில் வேளைக்கே கெவினை அனுப்பினாள். பதினொரு மணிக்கு அவளே கோல் எடுத்தாள். மேலே இருபத்தெட்டு. கீழே பூச்சியம் புள்ளி ஏழு.

"மாமி, நல்லாக் கேளுங்க. மேல எழுதினது சீ.ஆர்.பி. எண்டு ஒண்டு. உடம்புக்குள்ள எங்கயாவது அழற்சி பத்தினா அது ஏறும். கீழ எழுதினது கிருமியோட சண்ட பிடிக்கிற வெள்ள அணுக்கள். அது இறங்குது. ஒண்டு இப்பிடி ஏறி மத்தது இப்பிடி இறங்கினா, இன்னும் ரெண்டு மூணு நாள்ல மூச்சு முட்டுறதுக்கு இடம் இரிக்கி."

"கட்டாயம் முட்டுமா டொக்டர் மகள்?"

"அப்பிடிச் சத்தியம் பண்ண ஏலாது. இதே இலக்கத்தோட ஒண்டும் இல்லாம எழும்பினவங்களும் இரிக்காங்க. ஆனா அங்கிள்ட விசயத்துல நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டன். முட்டின பிறகு ஏத்தி வந்தா பிந்திப் போயிடும். இப்ப ஒரு கட்டில் எடுத்து வெச்சிரிக்கன். ரெண்டு மணிக்குள்ள ஓம் எண்டு சொல்லணும். இல்லாட்டி அது வேற ஆளுக்குப் போயிடும்."

ஸுலைஹா அறை வாசலில் நின்று, வந்த அளவுக்குச் சொன்னாள். மீரா முகைதீன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் விட்டிருந்தது. கிளிப் தொண்ணூற்றைந்து காட்டியது.

"என்னப் பார்த்தா ஆஸ்பத்திரிக்குப் போற ஆள் மாதிரியா இரிக்கி? வேணுமெண்டா பாங்கு சொல்லிக் காட்டவா?"

"இரத்தத்துல..."

"இரத்தம் என்ட. எனக்கு ஒண்டும் செய்யல்ல எண்டு நான்தானே சொல்லணும்?" இருமினார். இருமல் நிற்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. "போனா திரும்பி வரமாட்டன் புள்ள. இந்த வருத்தத்துல மவுத்தானா ஊருல அடக்க விடாம நேரா தூர ஓட்டமாவடிக்குக் கொண்டு போய் அடக்கிறாங்க. நான் இந்த வயசுக்கு ஓட்டமாவடியக் கண்டதில்ல. முதல் முதல் போறது பெட்டிக்குள்ளயா? அதோட வெள்ளிக்கிழமை உப்பளக் கேற் திறப்பாங்க. மூன்றாம் பாத்தி என்னப் பார்த்துக்கொண்டிரிக்கும்."

அவள் ஒரு பையில் இரண்டு சாரம், ஒரு சேட், தொப்பி, பல் பிரஷ் எல்லாம் போட்டுக் கட்டிலின் காலடியில் வைத்தாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டார். அவள் திரும்ப மடித்துப் பையில் வைத்தாள். அவர் திரும்ப எடுத்துப் போட்டார். மூன்றாம் தரம் அவள் மடித்து வைத்தபோது பல் பிரஷை மட்டும் எடுத்துத் தலையணைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.

ஸுலைஹா குசினிக்குப் போய் வெங்காயம் உரித்தாள். வெங்காயம் தேவைப்பட்ட நாள் இல்லை அது. ஆனால் வெங்காயம் உரித்தால் ஏன் அழுகிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். மணி பன்னிரண்டரை. இரண்டு மணிக்குள் சொல்லவேண்டும். இருபத்தாறு வருடத்தில் அவர் சொன்னதற்கு மாறாக அவள் ஒன்றும் செய்வித்தது கிடையாது. இன்றைக்கு எந்தச் சொல்லால் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று வெங்காயம் உரித்து முடித்தாள்.

லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னது. மீரா முகைதீன் கை கால் கழுவி வுழூ எடுப்பதற்காக அறையை விட்டு மெல்ல வெளியே வந்தார். முன்னறையைக் கடந்துதான் கிணற்றடிக்குப் போகவேண்டும். கலண்டருக்கு முன்னால் வந்ததும் கால் பழக்கத்தில் நின்றது.

"புள்ள."

ஸுலைஹா கத்தியை வைத்தாள். அது நோயாளியின் குரல் இல்லை. உப்பளத்தில் வரம்பில் நின்று ஆட்களைக் கூப்பிடுகிற குரல்.

"இது எந்தப் பாத்தி?"

அவள் குசினி வாசலில் வந்து நின்றாள். அவர் விரலைக் கட்டங்களின்மேல் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு போனார்.

"திங்கள் ஏழு. புதன் பதினஞ்சு. இண்டைக்கு இருபத்தெட்டு. எந்த மடையன்ட பாத்தி இது? நாலு நாள்ல ஏழு இருபத்தெட்டாகிற தண்ணிய நான் வாழ்நாள்ல கண்டதில்ல. கீழ பாரு, ஒண்டரைக்கு மேல நிண்ட தண்ணி முக்கால் அங்குலமும் இல்ல. ஹாஜியார் கண்ண மூடிக்கொண்டா இரிக்கார்?"

அது பாத்தி இல்லை என்று சொல்ல ஸுலைஹா வாயைத் திறந்தாள். சொல் வழமைபோல் தாமதித்தது. அது தொண்டையில் ஏறி வருகிற நேரத்துக்குள் அவளுக்கு முன்னால் நடப்பது என்னவென்று அவளுக்கே விளங்கியது. வாயை மூடிக்கொண்டாள். பிறகு வேறு ஒன்று கேட்டாள்.

"இப்ப என்ன செய்யணும்?"

"என்ன செய்யிறதா? இருபத்தொன்பதுக்குப் போனா கசப்பு இறங்கும். பிறகு அந்த உப்பக் கழுதையும் நக்காது. இண்டைக்கே ஆள் இறக்கணும்."

"நாளைக்குப் பார்த்தா?"

"இது ஏறுற வேகத்துக்கு நாளைக்கு எண்டு ஒரு நாள் இல்ல."

"பார்க்கிறதுக்குத் தண்ணி தெளிவாத்தானே இரிக்கும்?"

அவர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். இருபத்தாறு வருடம் உப்புக்காரனோடு குடும்பம் நடத்தினவள் கேட்கிற கேள்வியா இது. "தெளிவாத்தான் இரிக்கும். இறங்கிற நிமிசம் வரைக்கும் தெளிவாத்தான் இரிக்கும். கண்ணால பார்த்து ஒண்டும் இல்ல எண்டு சொல்றவனுக்கு உப்பளத்துல என்ன வேலை? இலக்கத்தத்தான் பார்க்கணும். தொலைபேசியத் தா."

ஹாஜியாருக்கு அவரே கோல் எடுத்தார். ஸலாம் சொன்ன கையோடு திட்டத் தொடங்கினார். இருபத்தெட்டுக்கு விட்டுவிட்டு வீட்டில் படுத்துக்கிடக்கிறீர்களே, முப்பத்திரண்டு வருடம் நான் காத்த பாத்தி என்றார். மறுபக்கத்தில் ஹாஜியார் சொன்னது ஸுலைஹாவுக்கும் கேட்டது.

"மீரா, ஒரு கிழமையா உப்பளத்துக்கு ஒரு காகமும் போகல்ல. கேற் பூட்டு. எந்த இருபத்தெட்டு? உனக்குக் காய்ச்சல் கூடிட்டா?"

அவர் தொலைபேசியை மெல்ல இறக்கினார்.

"ஆக்கள் போகல்லையாம்" என்றார். "அப்ப உனக்கு இந்த இலக்கம் சொன்னது ஆரு?"

"டொக்டர்."

"டொக்டர் எதுக்கு என்ட பாத்திக்குப் போன?"

"அவ போகல்ல. கெவின் வந்தார்."

அவள் அவருடைய கையைக் காட்டினாள். முழங்கையின் உள்பக்கத்தில் காலையில் ஒட்டின பஞ்சு இன்னும் இருந்தது. மீரா முகைதீன் பஞ்சைப் பார்த்தார். கலண்டரைப் பார்த்தார். திரும்பப் பஞ்சைப் பார்த்தார்.

"ஏழு" என்றார் மெல்ல. "பதினஞ்சு. இருபத்தெட்டு."

"ஓம்."

"கீழ இரிக்கிறது தண்ணி இல்லையா?"

"கிருமியோட சண்ட பிடிக்கிற ஆக்களாம்."

"குறையிறாங்களா?"

"ஓம்."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். தான் இப்போது சொன்னதையெல்லாம் வேறு ஒருவர் சொன்னதாக்கி, அவரோடு சண்டை பிடிக்க வழி இருக்கிறதா என்று தேடினார் போலும். இருக்கவில்லை. இலக்கத்தைப் பார்த்துச் சொன்னவர் அவரே. அந்தத் தீர்ப்பை முப்பத்திரண்டு வருடத்தில் ஹாஜியாரே மாற்றினதில்லை.

"அந்தப் பை எங்க?"

"கட்டிலடியில."

"பல் பிரஷ் தலையணைக்குக் கீழ கிடக்கு. அதையும் போடு."

வுழூ எடுத்து, லுஹர் தொழுது முடித்தார். ஸுலைஹா ஒன்றே முக்காலுக்கு டொக்டரிடம் ஓம் என்று சொன்னாள். அம்புலன்ஸ் வந்தபோது தானே நடந்து போய் ஏறினார். ஏறின கையோடு சாரதியின் வேகத்தைப் பற்றி ஏதோ சொன்னது கேற்றடிவரை கேட்டது.

சனிக்கிழமை பகல் அவருக்கு மூச்சு முட்டியது. டொக்டர் சொன்ன இரண்டு மூன்று நாள் என்பது சரியாக இரண்டு நாளாக இருந்தது. அப்போது அவர் ஒட்சிசன் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கட்டிலில் படுத்திருந்தார், மருந்து தொடங்குகிற ஆட்கள் எட்டி நடக்கிற தூரத்தில் இருந்தார்கள். வீட்டில் இருந்திருந்தால் கேற்றில் ஒட்டின கடதாசியும் இரண்டு கழுதைகளும்தான் பக்கத்தில் இருந்திருக்கும். அன்று அஸர் தொழுகை வரைக்கும் ஸுலைஹா தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு கலண்டருக்கு முன்னால் நின்றாள். அந்த நாளின் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை.

ஐந்து நாள் ஒட்சிசன். பேச முடிந்த முதல் நாளே தாதியிடம் இலக்கம் கேட்டார். நோயாளிகள் மூச்சைப் பற்றிக் கேட்பார்கள், வீட்டைப் பற்றிக் கேட்பார்கள், இவர் சீ.ஆர்.பி. எத்தனை என்று கேட்டார். கேட்டு, வீட்டுக்குக் கோல் எடுத்துச் சொல்வார்.

"எழுது புள்ள. அறுபத்திநாலு."

"அறுபத்திநாலா?"

"நானும் கேட்டன். அப்பிடி ஒரு தண்ணி துனியாவில இல்ல எண்டு தாதிட்டச் சொன்னன். எழுது."

பிறகு நாற்பத்தொன்று. பிறகு பத்தொன்பது. கீழே இருக்கிறது பூச்சியம் புள்ளி ஒன்பது, ஒன்று புள்ளி இரண்டு என்று ஏறியது. "நாளைக்கு ஒண்டர வரும்" என்று ஒரு நாள் கணித்தார். ஒன்று புள்ளி நான்கு வந்தது. அந்த அளவுக்குப் பிழை வரலாம், லேப்பில் நாக்கு இல்லைதானே என்றார்.

இதற்கிடையில் உப்பளக் கேற்றைத் திறந்தார்கள். ஸுலைஹாவின் வீட்டுக் கடதாசியையும் கிழித்தார்கள். ஹாஜியார் வந்து கேற்றுக்கு வெளியே மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, சந்தையில் பிள்ளையைத் தவறவிட்டவர்போல் நின்றார்.

"மூன்றாம் பாத்தி இருபத்தாறு காட்டுது. மீரா இருந்தா என்ன சொல்லுவான் எண்டு தெரியாது. இதை நம்பி ஆள் இறக்கவா, வேணாமா?"

ஸுலைஹா கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றாள். ஹாஜியார் கேட்டது ஒருதரம்தான். அவள் இரண்டாம் தரத்துக்குக் காத்திருக்கவில்லை.

"அவர்ட நாக்குக்கு அது இருபத்தஞ்சு."

"எப்பிடித் தெரியும்?"

"எப்பவும் ஒண்டு குறையத்தான் சொல்லுவார். இருபத்தாறு கலண்டர்ல இரிக்கி. இருபத்தஞ்சு எண்டு சொல்லி மூணாம் நாள் ஆள் இறக்குவார். வியாழக்கிழமை இறக்குங்க."

ஹாஜியார் சீலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தச் சீலை அவரோடு இவ்வளவு கதைத்தது இதுதான் முதல் தரம். வியாழக்கிழமை ஆள் இறக்கினார். உப்பு வெள்ளையாக, கசப்பில்லாமல் வந்தது.

மீரா முகைதீன் பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தார். ஒன்பது கிலோ குறைந்திருந்தார், தாடி கூடியிருந்தது. வந்ததும் மூன்றாம் பாத்தியைக் கேட்டார், வியாழக்கிழமை எடுத்தாயிற்று என்று சொன்னார்கள். யார் சொன்னது என்று கேட்டார். ஹாஜியார் ஸுலைஹாவைக் காட்டினார். இரண்டு நாள் கழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மீரா முகைதீன், "ஒரு டிகிரி குறையவா சொல்லுவன்?" என்று கேட்டார்.

"ஓம்."

"முப்பத்திரண்டு வருசமா?"

"எனக்கு இருபத்தாறுதான் தெரியும்."

நாக்கு மெல்ல மெல்லத் திரும்பியது. ஒரு மாதத்தில் இனிப்புத் தெரிந்தது. நாலு மாதத்தில் உப்புத் தெரிந்தது. ஆனால் இருபத்துநாலுக்கும் இருபத்தாறுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் திரும்பி வரவில்லை. டொக்டர் நுஸ்ராவிடம் கேட்டபோது, வரலாம், வராமலும் விடலாம் என்றாள். அதற்கு ஒரு சோதனை இல்லையா என்று கேட்டார். இல்லை என்றாள்.

இப்போது மீரா முகைதீனுக்கு வயது அறுபத்திரண்டு. இன்னும் உப்பளத்துக்குப் போகிறார். பாத்தியில் விரலை நனைத்து, நாக்கில் ஒற்றி, கண்ணை மூடி, மூன்று எண்ணுகிறார். பிறகு கண்ணைத் திறந்து மீட்டரைப் பார்த்து, அது காட்டுவதில் ஒன்றைக் கழித்துச் சொல்கிறார். சீனி வருத்தத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருதரம் கெவின் வந்து இரத்தம் எடுக்கிறான், அந்த இலக்கங்களும் கலண்டரில் ஏறுகின்றன. பாத்தியின் இலக்கம் பென்சிலில், இரத்தத்தின் இலக்கம் சிவப்புப் பேனையில். வீட்டில் ஆணத்துக்கு உப்புப் பார்ப்பது ஸுலைஹாதான்.